காலிமுகத்திடல்: ஒரு பொதுவெளியும் அதன் காவலரும்

கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையருகே சிறிய நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டுள்ளது. மாலை வேளைகளில் அங்கு உலாவ வருவோரில் மிகச் சிலரே அதனை நின்று வாசிப்பர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டில் இந்நடைபாதையைத் தொடக்கினார் என்றும், 1859இல் அது நிறைவெய்தியது என்றும், கொழும்பு நகரின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அது அவருக்குப் பின்வருவோரிடம் பரிந்துரைக்கப்படுகின்றது என்றும் அக்கல் கூறுகின்றது.

இவ்வாசகம் இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. பின்வருவோர் என்போர் யாவர்? எவருடைய நலனுக்காக இவ்வெளி பேணப்படவேண்டும்? தமக்குப் பின் அப்பதவியில் அமரவிருந்த தேசாதிபதிகளையே வார்ட் மனத்திற்கொண்டிருந்தார் எனலாம். 1860இல் அவர் சென்னையின் ஆளுநராக மாற்றம் பெற்றுச் சென்று, அவ்வாண்டு ஆகத்து மாதத்திலேயே அங்கு வாந்திபேதி நோயால் இறந்தார். தமது ஒப்படைப்பு எவ்வாறு நிறைவேறியது என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், அதன்பின் சென்ற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தை நோக்குமிடத்து, இத்திடலைப் பொதுவெளியாக நிலைபெறச் செய்தோர் ஆட்சிப்பீடத்தில் அமர்ந்தோர் மட்டுமல்லர், நாள்தோறும் அதிற் கால்பதித்த சாதாரண மக்களுமே என்பது புலனாகும். அதேவேளை, பொதுவெளி எனப்பட்ட இவ்விடம் எல்லோருக்கும் எல்லா வேளையிலும் பொதுவாக இருந்ததில்லை என்பதும் புலனாகும். இவ்விரு உண்மைகளையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலிமுகத்திடலின் தோற்றம் மக்களின் உலாவலோடு தொடங்கவில்லை. கொழும்புக் கோட்டையின் தெற்கு அரணுக்கு அப்பால், கடலுக்கும் பேரை வாவிக்கும் இடையே கிடந்த இந்நிலம் போர்த்தேவைக்காகவே வெறுவெளியாக விடப்பட்டது. கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்கு மரமோ வீடோ தடையாகக் கூடாது என்பதே ஒல்லாந்தர் காலத்து நியதி. 1796இற் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் அந்நிலத்தை அவ்வாறே பேணினர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் முற்றவெளியும் இவ்வகையில் உருவானதே. பகைவரைச் சுடுவதற்காக வெறுமையாக்கப்பட்ட நிலங்கள் பிற்காலத்தில் மக்கள் கூடும் வெளிகளாக மாறியமை நமது நகர வரலாற்றின் கவனிக்கத்தக்க கூறாகும். கொழும்புக் கோட்டையின் மதில்கள் 1869ஆம் ஆண்டு தொடக்கம் இடிக்கப்பட்டன. மதிலின் தேவை மறைந்தது. மதிலுக்காக விடப்பட்ட வெளி எஞ்சியது.

வார்ட் அமைத்த நடைபாதை ஏறத்தாழ ஒரு மைல் நீளமானது. அக்காலத்தில் திடல் இன்றிருப்பதிலும் பார்க்க மிக விரிவானதாக, கிழக்கே வாவிவரை பரந்திருந்தது. ஆங்கில அதிகாரிகளும் வணிகரும் மாலைவேளையிற் குதிரைவண்டிகளில் வந்து கடற்காற்று வாங்கினர். 1864இல் திடலின் தென்னெல்லையிற் காலிமுக ஹோட்டல் எழுந்தது. குதிரைப்பந்தயம் இத்திடலிலேயே நடைபெற்றது. 1879இல் தோன்றிய கொழும்புக் கோல்ப் கழகத்தினர் தமது முதல் ஆடுகளமாக இதனையே கொண்டனர். 1871இல் நிறுவப்பட்ட கொழும்புக் கழகம் திடலை நோக்கியே அமைந்தது. நீண்டகாலம் அது ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. நினைவுக்கல் குறிப்பிடும் சீமாட்டிகளும் குழந்தைகளும் எவ்வகுப்பினர் என்பதை இச்சூழலே விளக்கும். சுதேசப் பெண்கள் அங்கு வந்தனராயின், பெரும்பாலும் அக்குழந்தைகளைத் தூக்கிவந்த ஆயாக்களாகவே வந்திருத்தல் வேண்டும்.

எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1893இற் குதிரைப்பந்தயம் கறுவாத்தோட்டத்தில் அமைக்கப்பட்ட புதிய பந்தயத் திடலுக்கு, அதாவது இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அயலுக்கு, இடம்பெயர்ந்தது. 1896இற் கோல்ப் கழகமும் பொரளைப் பகுதியிற் பெற்ற தனி நிலத்துக்குச் சென்றது. வேலியிட்ட விளையாட்டு நிலங்களையும் தோட்டஞ்சூழ்ந்த மாளிகைகளையும் பெறக்கூடியவர்களுக்குப் பொதுத்திடலின் தேவை குறைந்தது. வேறு வெளியற்றவர்களிடமே காலிமுகத்திடல் எஞ்சியது. அதன் வரலாற்றில் எவரும் பிரகடனம் செய்யாத கைமாற்றம் இது எனலாம்.

அவ்வாறு எஞ்சியோர் யாவர் என்பதை அறியத் திடலின் அயற்பகுதிகளை நோக்கவேண்டும். வாவிக்கு அப்பாலுள்ள கொம்பனித்தெரு, றைபிள் படைப்பிரிவிற் பணியாற்றிய மலாயரின் வழித்தோன்றல்களும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த பகுதி. பள்ளிவாசலும் சுப்பிரமணிய சுவாமி கோயிலும் அங்கு நடைதூரத்தில் உள்ளன. அப்பகுதியின் சந்துகளிற் பல வீடுகளுக்கு முற்றம் என ஒன்று இருந்ததில்லை. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொள்ளுப்பிட்டியின் உட்தெருக்களிலும் வாழ்ந்த எளியோரின் நிலையும் அதுவே. யாழ்ப்பாணத்துக் குடியானவனுக்கு வீட்டு முற்றமும் கோயில் வீதியும் எவ்வாறோ, அவ்வாறே இம்மக்களுக்குக் காலிமுகத்திடல் அமைந்தது. பிள்ளைகள் ஓடியாடவும், நோயாளர் காற்று வாங்கவும், பெண்கள் அமர்ந்து பேசவும், மணமான இளையோர் தனித்து உரையாடவும் அவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைத்த இடம் இதுவே.

இப்பயன்பாடு தனக்கென ஓர் ஒழுங்கையும் வளர்த்துக்கொண்டது. தென்மேற்பருவக்காற்று வீசும் மாதங்களிற் பட்டம் விடுவோர் திறந்த நடுப்பகுதியைக் கொள்வர், பந்தாடுவோர் ஒதுங்குவர். கடற்சுவரோரம் குடும்பங்கள் அமரும். இறால் வடை, அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், அன்னாசி ஆகியவற்றை விற்போர் நடைபாதையோரம் வரிசைகொள்வர். நோன்புப் பெருநாட் காலையில் முஸ்லிம்கள் இங்கு திரண்டு தொழுவர்; தொழுகை முடிந்தபின் அதே புற்றரையில் மாற்றுச் சமயத்தவரின் பிள்ளைகள் விளையாடுவர். எந்தச் சட்டப்புத்தகத்திலும் எழுதப்படாத இவ்வொழுங்கே பராமரிப்பின் முதற்படியாகும். புல் வெட்டுவதும் குப்பை அகற்றுவதும் நிருவாகத்தின் பணி. இன்னொருவருக்கும் இடம் உண்டு எனக் கருதி அமர்வது மக்களின் பணி. பின்னையது இல்லாவிடின் முன்னையதாற் பயனில்லை.

திடலின் வரலாறு காற்று வாங்கியதோடு நிற்கவில்லை. 1930 சனவரி 29இல் அதன் வடபுறத்தே சட்டவாக்கக் கழகத்துக்கான புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1931இற் சர்வசன வாக்குரிமையோடு அரசுக் கழகமும், 1947இற் பிரதிநிதிகள் சபையும் அக்கட்டடத்திலேயே கூடின. மக்கள் அமரும் புற்றரைக்கு எதிரே, மக்களின் பெயரால் ஆள்வோர் அமரும் மண்டபம் எழுந்தமை திடலின் இயல்பை மாற்றியது. முறையீடு செய்ய வேண்டியோர் இனி எங்கு கூடவேண்டும் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று.

இவ்வகையில் 1937ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பணிபுரிய வந்த மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்னும் இளைஞர் தமிழ்த் தொழிலாளரின் அவல நிலைகண்டு அவர்கள் பக்கம் நின்று, லங்கா சமசமாசக் கட்சியின் மேடைகளிற் பேசினார். தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். பிறேஸ்கேடில் தலைமறைவானார். மே 5இற் காலிமுகத்திடலிற் பல்லாயிரவர் திரண்ட கண்டனக் கூட்டத்தில், பொலிசார் தேடிக்கொண்டிருந்த அவ்விளைஞர் திடீரென மேடையில் தோன்றினார். அம்மேடையில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோரோடு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும், யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் ஹன்டி பேரின்பநாயகமும், தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிய மீனாட்சி அம்மாள் நடேசையரும் பேசினர். அம்மாதம் 18இல் உயர்நீதிமன்றம் பிறேஸ்கேடிலை விடுவித்தது. தோட்டத் தொழிலாளரின் குறையொன்று கொழும்பின் கடற்கரைத் திடலில் எல்லா இனத்தாரின் குறையாகவும் ஒலித்த நாள் அது. பொதுவெளி என்னும் சொல்லுக்கு அன்று பொருள் இருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் அதே திடலில் அச்சொல் பொருளிழந்தது. 1956 யூன் 5இற் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையிற் கொண்டுவரப்பட்டது. பிரதமராக அதனை முன்வைத்தவர், 1937இல் இத்திடலின் மேடையிற் பேசிய பண்டாரநாயக்கவே. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிற் தமிழரசுக் கட்சியினர் சபைக்கு எதிரே புற்றரையில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். அவர்களிடம் ஆயுதமில்லை, அமர்வதே அவர்களது போராட்டமாக இருந்தது. திரண்டுவந்த கும்பல் அவர்களை அடித்தும் இழுத்தும் துன்புறுத்தியது. சிலர் வாவிக்குள் எறியப்பட்டனர். பொலிசார் தடுக்கவில்லை. தலையிற் காயமுற்ற அ. அமிர்தலிங்கம் கட்டுப்போட்ட தலையுடன் சபைக்குட் சென்றார். அன்று தொடங்கிய வன்செயல் நகரெங்கும் பரவியது. சில நாட்களில் அது கல்லோயாப் பள்ளத்தாக்கையும் எட்டி உயிர்களைக் காவுகொண்டது. மசோதா அவ்வாண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

1937இல் எல்லோருக்கும் பொதுவாயிருந்த திடல் 1956இல் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்டமைக்குக் காரணம் நிலத்தில் இல்லை. புல் அதே புல். கடல் அதே கடல். வேறுபட்டது அங்கு நின்றோரின் மனப்பாங்கும், காக்கவேண்டியோரின் நடத்தையுமேயாகும். மாலை வேளையில் அருகருகே அமர்ந்து கடலை கொறித்த மக்கள், உரிமை கேட்டு அமர்ந்த அயலவனுக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பொழுதுபோக்கிற் காட்டும் இணக்கம் மட்டும் பொதுவாழ்வை உருவாக்கப் போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. யாழ்ப்பாண முற்றவெளியிலும் இத்தகைய துயர் நினைவு உண்டு. 1974 சனவரி 10இல், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில், பொலிசாரின் நடவடிக்கையையடுத்து உயிரிழந்தோருக்கான நினைவிடம் அங்குள்ளது. பீரங்கிக்காக ஒதுக்கப்பட்ட இவ்விரு வெளிகளும், பீரங்கிகள் மறைந்த பின்னரும், அதிகாரத்தின் பார்வையிலிருந்து முற்றாக விடுபடவில்லை எனலாம்.

1982இற் பாராளுமன்றம் கோட்டேக்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டடம் பின்னர் சனாதிபதி செயலகமாயிற்று. திடலும் காலப்போக்கிற் சுருங்கியது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 500 மீற்றர் நீளமும் 5 ஹெக்டயர் பரப்பும் கொண்ட ஒரு கீற்றே. 1978இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இற் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அக்காலப்பகுதியிற் கொம்பனித்தெருவின் குடும்பங்கள் பல தமது இருப்பிடங்களிலிருந்து அகற்றப்பட்டன. இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் எழுந்த பெரும் ஹோட்டல் 2017இல் திறக்கப்பட்டது. திடலை முற்றமாகக் கொண்டோர் தொலைவுக்குச் செல்ல, அதனைக் காட்சியாக விலைபேசுவோர் அருகே வந்தனர்.

கடற்புறத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டம் உயர்நீர்மட்டத்திலிருந்து நிலப்புறமாக 300 மீற்றரும் தாழ்நீர்மட்டத்திலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றரும் கொண்ட பகுதியைக் கரையோர வலயமாக வகுத்து அரசின் கண்காணிப்புக்குட்படுத்தியது. ஆயினும், 2014 செப்டெம்பரில் தொடங்கப்பட்ட துறைமுக நகரத் திட்டத்தின்கீழ் 269 ஹெக்டயர் கடல் நிலமாக்கப்பட்டது. திடலின் வடபுறத்துக் கடற்காட்சி மறைந்தது. இதற்கான மணல் கடலடியிலிருந்து அகழப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர் தமது மீன்வளம் அழியும் என எதிர்த்துப் போராடினர். ஓரிடத்துக் கரையை விரிப்பதற்காக இன்னோரிடத்து மக்களின் கடல் தோண்டப்படுமாயின், அதனைப் பராமரிப்பு என அழைத்தல் பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது.

இச்சூழலிலேயே 2022ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை வைத்து நோக்கவேண்டும். எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இன்றி நாடு தவித்த வேளையில், ஏப்பிரில் 9இல் இளைஞர் காலிமுகத்திடலிற் கூடாரமிட்டு அமர்ந்தனர். அங்கு சமையற்கூடமும் முதலுதவி நிலையமும் நூலகமும் அமைந்தன; குப்பை அகற்றத் தொண்டர் அணிகள் இயங்கின. நோன்பு மாதத்தில் முஸ்லிம்களின் நோன்பு துறக்கும் வேளையிற் பிற சமயத்தவரும் கலந்துகொண்டனர். ஆட்சியாளரின் ஆதரவாளர் மே 9இற் கூடாரங்களைத் தாக்கினர். அன்று பிரதமர் பதவி விலகினார். யூலை 14இற் சனாதிபதியும் பதவி விலகினார். யூலை 22 விடியுமுன் படையினர் புகுந்து கூடாரங்களை அகற்றினர்.

தமிழர் பலர் இப்போராட்டத்தைத் தயக்கத்துடனேயே நோக்கினர். தமது மக்கள் பல்லாண்டுகளாகக் கூறிவந்த குறைகள் அங்கு போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது அவர்கள் கருத்து. அதில் நியாயம் உண்டு. எனினும், அவ்வாண்டு மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு இத்திடலில் நினைவஞ்சலி செய்யப்பட்டு, கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞரும் அக்கஞ்சியைக் கையேந்திப் பெற்றனர். இது சிறிய நிகழ்ச்சியே. அரசியற் தீர்வு எதனையும் அது தரவில்லை. ஆயினும், 1956இல் தமிழர் அமர முடியாத புற்றரையில் 2022இல் தமிழரின் துயர் நினைவுகூரப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் பதிவுசெய்யாது விடலாகாது.

திடலைப் பேணல் என்பது அதனை மக்களிடமிருந்து காப்பாற்றுதல் எனப் பொருள்கொள்ளும் போக்கு ஒன்று உண்டு. கூடாரங்களாற் புல் அழிந்தது, விற்பனையாளராற் தூய்மை கெட்டது, கூட்டங்களால் உலாவுவோருக்கு இடையூறு என்பன அதன் வாதங்கள். இவ்வாதங்களை முற்றாகப் புறக்கணிக்கவும் இயலாது. உப்புக்காற்றும் வரட்சியும் வாட்டும் கரையோரப் புற்றரை எளிதிற் தேய்வது. அதனைப் பேணுதற்குச் செலவும் கட்டுப்பாடும் தேவை. ஆனால் புல் ஒரு மழையோடு மீண்டும் தளிர்க்கும். ஒரு சமூகம் தான் கூடியமரும் உரிமையை இழந்துவிட்டால், அதை மீளப்பெறப் பல தலைமுறைகள் செல்லும். எதனை முதலிற் காக்கவேண்டும் என்பதில் நிருவாகியும் குடிமகனும் வேறுபடலாம்; எனினும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் தவறாகும்.

நினைவுக்கல்லின் இரு வினாக்களுக்கும் இனி விடை கூறலாம். சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் எனப் பொறிக்கப்பட்ட நலன், வார்ட் எண்ணியிராத மக்களைச் சென்றடைந்தது. குதிரையும் கோல்பும் நீங்கியபின் முற்றமற்றோர் அதனை முற்றமாக்கினர். குரலற்றோர் அதனைச் சபையாக்கினர். பின்வருவோர் என்ற சொல்லும் அவ்வாறே விரிந்தது. இத்திடலின் பின்வருவோர் பதவியில் மாறிமாறி அமர்ந்தோர் மட்டுமல்லர். மாலைதோறும் அங்கு வந்து அமரும் ஒவ்வொருவருமேயாவர். 1937இல் அவர்கள் தமது கடமையைச் செய்தனர், 1956இல் தவறினர், 2022இல் ஓரளவு நினைவுகொண்டனர். தமக்கு ஒவ்வாத குறையைக் கூறும் அயலவனும் அச்சமின்றி அங்கு அமரக்கூடியதாக இருக்கும்போதே அவ்வொப்படைப்பு நிறைவேறியதாகக் கொள்ளலாம். அது இன்னமும் முற்றாக நிறைவேறவில்லை. கல்லை வாசித்துக் கடந்துசெல்லும் தலைமுறைக்கும் அது உரியதே.